எசமானின் கணக்கேடும் இறக்கும் மகனின் கடிதமும்: வரலாற்றாய்வாளர் ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்கின் அரசுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் கிடைக்கும் எழுத்துகளில் பெரும்பாலானவை ஆபிரகாம் லிங்கனோடு தொடங்கி லிங்கனோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் போரின்போது வீடுகளுக்குள்ளும் பருத்தி வயல்களிலும் என்ன நடந்தது என்பதை ஐம்பது ஆண்டுகளாகத் தேடிவரும் ஒரு பெண் ஆய்வாளரைப் பற்றி மாணவர்களும் வாசிப்பு வட்ட நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்து, என்னால் இயன்ற பதில்களைத் தந்திருக்கிறேன்.

ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் யார்?

1947 செப்டம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்து, வர்ஜீனியா மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில், ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். உள்நாட்டுப் போரில் படைகள் மாறி மாறிக் கடந்துசென்ற பகுதி அது. பிரின் மார் பெண்கள் கல்லூரியில் 1968இல் இளங்கலைப் பட்டம் பெற்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1975இல் அமெரிக்கப் பண்பாட்டியலில் முனைவர் பட்டம் முடித்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வரலாறு கற்பித்த பிறகு, 2001இல் ஹார்வர்டின் ராட்கிளிஃப் உயராய்வு நிறுவனத்துக்குத் தலைவராகச் சென்றார். 2007 ஜூலையில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் 28ஆவது தலைவரானார். நம் ஊர் வழக்கில் துணைவேந்தருக்கு நிகரான பொறுப்பு அது. 1636இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். 2018 வரை அதில் இருந்தார்.

செய்தித்தாள்களில் அவர் பெயர் பெரும்பாலும் 'ஹார்வர்டின் முதல் பெண் தலைவர்' என்ற அடைமொழியோடுதான் வந்தது. அவருடைய ஆய்வு அந்தப் பதவியைவிட முக்கியமானது என்பது என் கருத்து. ஆகவே இந்தப் பக்கத்தில் பதவியைப் பற்றிக் குறைவாகவும் ஆய்வைப் பற்றி விரிவாகவும் பேசியிருக்கிறேன்.

ஒரு வெள்ளையினப் பணக்காரக் குடும்பத்துப் பெண் அடிமைமுறையை ஆராய வந்தது எப்படி?

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அதை ஏற்க மாட்டோம் என்று வர்ஜீனியாவின் அரசியல் தலைவர்கள் வெளிப்படையாகவே கிளம்பினார்கள். 1957இல் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்த ஃபாஸ்ட் காரில் வீடு திரும்பும்போது வானொலிச் செய்தியில் இதைக் கேட்டார். தன் பள்ளியில் கறுப்பினக் குழந்தை ஒன்றுகூட இல்லாதது தற்செயல் இல்லை, அது ஒரு விதி என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்த, அவர்கள் வீட்டில் வேலை செய்த கறுப்பினத்தவரிடம் அது உண்மையா என்று கேட்டார். அவரால் நேரான பதில் சொல்ல முடியவில்லை. சிறுமி பள்ளி நோட்டுத் தாளை எடுத்துக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பின்னர் என்ன ஆனது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் அவருடைய தாய். இது ஆண்களின் உலகம், அதை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறாயோ அவ்வளவு நல்லது என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர். சகோதரர்களுக்கு ஒரு விதி, தனக்கு ஒரு விதி என்று வளர்க்கப்பட்டதையும், வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் தோலின் நிறத்தைப் பார்த்துத் திறந்ததையும் அந்தச் சிறுமி ஒரே வீட்டில், ஒரே வயதில் கண்டார். பாலினத்தையும் இனத்தையும் தனித்தனிப் பாடங்களாக அவர் ஒருநாளும் பார்க்காததற்கு வேர் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1965 மார்ச்சில், அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவல்துறை அடித்து விரட்டிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவர் கல்லூரி முதலாண்டு மாணவி. இடைத்தேர்வை விட்டுவிட்டுச் செல்மாவுக்குக் கிளம்பிப் போனார்.

அவருடைய ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருக்கிறதா?

இருக்கிறது. அநியாயத்தின் நடுவில் வசதியாக வாழ்கிறவர்கள் அதை நியாயம் என்று தங்களுக்குத் தாங்களே எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதே அது. அடிமைமுறை கொடியது என்று நிறுவுவதற்கு 1970களில் புதிதாக ஓர் ஆய்வாளர் தேவைப்படவில்லை. படித்த, பக்தியுள்ள, குடும்பப் பாசம் மிகுந்த மனிதர்கள் அதைத் தெய்வ சித்தம் என்றும் அறிவியல் என்றும் எப்படி எழுதினார்கள், எழுதியதை நம்பினார்களா என்ற கேள்விக்கு அப்போது விடை இருக்கவில்லை.

1977இல் வெளிவந்த அவருடைய முதல் நூலான 'எ சேக்ரட் சர்க்கிள்' இதைத்தான் எடுத்துக்கொண்டது. எட்மண்ட் ரஃபின், வில்லியம் கில்மோர் சிம்ஸ், ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட், நதானியேல் பெவர்லி டக்கர், ஜார்ஜ் ஃபிரெடரிக் ஹோம்ஸ் என்ற ஐந்து தெற்கத்திய அறிவாளிகள், தங்கள் ஊரில் தங்களை மதிப்பார் இல்லையே என்று ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி ஆறுதல் தேடியவர்கள். சமூகத்தில் தங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கமும் அடிமைமுறையை வாதிட்டுக் காக்கும் வேலையும் அவர்களிடம் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்று அந்நூல் காட்டியது.

ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட் பெயர் ஏன் அடிக்கடி வருகிறது?

ஏனென்றால் ஃபாஸ்ட் அந்த ஐவரில் ஒருவரைத் தனியே எடுத்து, 1982இல் முழு வாழ்க்கை வரலாறாகவே எழுதினார். தென் கரோலினாவின் ஆளுநராகவும் பின்னர் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் இருந்த ஹாமண்ட், 1858 மார்ச் 4 அன்று 'பருத்தியே அரசன்' என்று முழங்கியவர். தெற்கின் பருத்தி நின்றால் இங்கிலாந்து சாய்ந்துவிடும், ஆகவே தெற்கை எவரும் தொட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. போர் வந்தபோது இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் எகிப்தின் பக்கமும் இந்தியாவின் பக்கமும் திரும்பினார்கள். பம்பாயில் பருத்தி விலை ஏறிய கதை நமக்குத் தெரிந்ததே. எந்தச் சமுதாயத்துக்கும் அடித்தளமாக மண்ணில் கிடக்கும் ஒரு வகுப்பு தேவை என்றும் அதே உரையில் அவர் வாதிட்டார்.

ஹாமண்ட் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1831இல் கேத்தரின் ஃபிட்ஸ்சைமன்ஸ் என்ற செல்வக் குடும்பத்துப் பெண்ணை மணந்து, சவானா ஆற்றங்கரையில் இருந்த சில்வர் பிளஃப் என்ற பெரும் பண்ணைக்கும் அங்கிருந்த 147 அடிமைகளுக்கும் எசமான் ஆனார். எதையும் எழுதிவைக்கும் பழக்கம் உடையவர். யார் எவ்வளவு பஞ்செடுத்தார்கள், யாருக்கு என்ன நோய், எந்தக் குழந்தை எப்போது இறந்தது, யார் ஓடிப்போனார்கள் என்று ஆண்டுக்கணக்கில் ஏடுகள் எழுதினார். 1831க்கும் 1841க்கும் இடையில் மட்டும் அந்தப் பண்ணையில் 78 அடிமைகள் இறந்தார்கள் என்பதை நாம் அறிவது அவருடைய கையெழுத்திலிருந்துதான்.

1839இல் அவர் சாலி ஜான்சன் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணையும் அவளுடைய ஒரு வயது மகள் லூயிசாவையும் விலைக்கு வாங்கினார். சாலியைத் தன் இச்சைக்கு உட்படுத்தினார். லூயிசாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளையும். மனைவி கேத்தரின் இதன் பொருட்டுச் சில காலம் வீட்டைவிட்டுப் பிரிந்து சென்றார். 1856இல் தன் மகன் ஹாரிக்கு எழுதிய கடிதத்தில் ஹாமண்ட், லூயிசாவையும் தனக்குப் பிறந்த பிள்ளைகளையும் அந்நியர்களுக்கு அடிமையாக விட்டுவிடாதே, குடும்பத்துக்குள் அடிமையாக இருப்பதே அவர்களுக்கு இந்த மண்ணில் கிடைக்கக்கூடிய மிக மகிழ்ச்சியான நிலை என்று எழுதினார். பெற்ற தகப்பன், சொந்தப் பிள்ளைகளைப் பற்றி, இன்னொரு பிள்ளைக்கு எழுதுகிறான். விடுதலை செய்துவிடு என்ற ஒரு சொல் அவன் பேனாவிலிருந்து வரவில்லை. இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதிலுள்ள அக்கறையின் தொனிதான் என்னை அதிகம் நடுங்கவைக்கிறது.

அடிமைமுறையைப் பாலினத்திலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. உழைப்பைப் பறிப்பதும் உடலைப் பறிப்பதும் அங்கே ஒரே உரிமைப் பத்திரத்தின் கீழ் நடந்தன.

எல்லாம் எசமான் எழுதிய ஏடுகள் என்றால், அடிமைகளின் வாழ்க்கையை அவற்றிலிருந்து எப்படி அறிவது?

மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் மிகச் சிறந்தது இதுதான். அடிமைகளுக்கு எழுத்தறிவு கற்பிப்பதைத் தென் கரோலினா போன்ற மாநிலங்கள் சட்டத்தால் தடுத்திருந்தன. அவர்களே எழுதியது மிகக் குறைவு. ஃபாஸ்ட் 1980இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் செய்தது, ஹாமண்டின் ஏடுகளை அவருடைய தோல்விகளின் பட்டியலாக வாசித்தது.

ஓர் எடுத்துக்காட்டு. தென் கரோலினாவில் பல பண்ணைகளில் ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை என்று அளந்து கொடுப்பார்கள்; அதை முடித்தவர் மீதி நேரத்தைத் தன் தோட்டத்துக்கோ குடும்பத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். ஹாமண்ட் அதை ஒழித்துவிட்டு, எல்லோரையும் கூட்டமாக வரிசையில் நிறுத்தி, பொழுது சாயும்வரை ஒரே வேகத்தில் வேலை வாங்க முயன்றார். ஏட்டில் புகார்கள் பெருகுகின்றன: வேலை மந்தம், கவனக்குறைவு, களை எடுக்கும்போது செடியும் போகிறது. கசையடிகள் பெருகுகின்றன. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அளந்து கொடுக்கும் முறை மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் வென்றோம் என்று அந்த மக்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை. எசமானின் ஏட்டில், எசமானே தான் தோற்றதைத் தோல்வி என்று பெயரிடாமல் எழுதிவைத்திருக்கிறார்.

அடிமைகள் தங்களுக்குள் கூடி வழிபடுவதை நிறுத்திவிட்டு வெள்ளைப் போதகர் நடத்தும் கூட்டத்துக்கே வர வேண்டும் என்றும் அவர் ஆணையிட்டார். மறுபடியும் மறுபடியும் அந்த ஆணையைப் பிறப்பிக்க வேண்டியிருந்தது என்பதே அது நிறைவேறவில்லை என்பதற்குச் சாட்சி. தப்பியோடும் முயற்சிகளும் ஏட்டில் இருக்கின்றன; கால் நூற்றாண்டில் ஐம்பதுக்கும் குறையாதவை. ஆதிக்கம் செய்தவரின் காகிதத்தில் அடக்கப்பட்டவரின் பிடிவாதத்தைக் கண்டெடுக்கும் இந்த வாசிப்பு முறை, ஜமீன் கணக்குகளையும் காலனியக் காவல் பதிவுகளையும் ஆராயும் நம் ஆய்வாளர்களுக்கும் பழகிய வழிதான். ஆனாலும் அவர் அதை எவ்வளவு பொறுமையாகச் செய்கிறார் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று.

பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கியது எப்போது?

1980களின் பிற்பகுதியில். 1990இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பெண்கள் தம் மகன்களையும் கணவர்களையும் நாட்டின் பலிபீடத்தில் வைக்க வேண்டும் என்று தெற்கின் பத்திரிகைகளும் பிரசங்கங்களும் எப்படி ஓயாமல் ஓதின, அந்தப் பெண்கள் ஒரு கட்டத்தில் அதை எப்படி மறுத்தார்கள் என்று காட்டியது. 1996இல் 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' என்ற நூல் வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தெற்கத்தியப் பெண்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்து எழுதியது. அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் சங்கம் வழங்கும் ஃபிரான்சிஸ் பார்க்மன் பரிசு அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டுகளில் அவர் பென்சில்வேனியாவில் மகளிரியல் துறைக்கும் பொறுப்பேற்றிருந்தார்.

போர் அந்தப் பெண்களின் வாழ்வில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது?

தெற்கில் போர் வயதிலிருந்த வெள்ளை ஆண்களில் நால்வரில் மூவர் படைக்குப் போனார்கள். பண்ணைகளில் மிஞ்சியவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், அடிமைகள். எசமானிகளாகப் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு அதுவரை ஓர் உடன்படிக்கை இருந்தது: ஆண் காப்பான், பெண் பணிவாள். காக்க வேண்டியவன் போர்க்களத்தில் இருந்தபோது அந்த உடன்படிக்கையின் ஒரு பாதி காணாமற்போனது.

அடிமைகளை அடக்கிவைக்க ஆண் இல்லையே என்ற அச்சத்தால், 1862 அக்டோபரில், பிரிந்துபோன தென் மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பு அரசு ஒரு சட்டம் இயற்றியது. இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் உள்ள பண்ணை ஒன்றுக்கு ஒரு வெள்ளை ஆணுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு. அடிமைகளே இல்லாத ஏழை வெள்ளையர் குடும்பங்கள் கொதித்துப்போயின. பணக்காரனின் போர், ஏழையின் சண்டை என்ற பேச்சு பரவியது. 1863 ஏப்ரல் 2 அன்று தலைநகர் ரிச்மண்டிலேயே பெண்கள் திரண்டு, ரொட்டி கேட்டுக் கடைகளைச் சூறையாடினார்கள்.

இருபதை எட்டாத வீடுகளுக்கு எந்த விலக்கும் இல்லை. டெக்சாஸில் லிஸ்ஸி நெப்லெட் என்ற பெண்ணை ஃபாஸ்ட் அருகில் நின்று பார்க்கிறார். 1863இல் கணவர் வில் போருக்குப் போனதும், பதினொரு அடிமைகளும் சிறு குழந்தைகளும் அவர் கையில் விடப்பட்டார்கள். விதைப்பிலிருந்து கதிரடிப்புவரை எதுவும் அவருக்குத் தெரியாது. அடிமைகள் அவர் சொல்லைக் கேட்கவில்லை. பகுதிநேரமாக ஒரு மேற்பார்வையாளரை அமர்த்தினார். அந்த ஆள் அடித்த அடி கொடூரமானது. அடியை நிறுத்தவும் அவருக்கு மனமில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. இந்தச் சுமை தாளவில்லை, எப்படியாவது வந்துவிடுங்கள் என்று கணவருக்கு எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக மிஞ்சியிருக்கின்றன. அடிமைமுறை அன்றாடம் வன்முறையால் மட்டுமே நின்றது. அந்த வன்முறையை ஆண் தன் கையில் வைத்திருந்தவரை பெண் அதைக் காணாதவளாக இருந்துகொள்ள முடிந்தது. போர் அந்தச் சவுக்கை அவள் மேசையின் மேல் கொண்டுவந்து வைத்தது.

இதற்கிடையே பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும், பணத்தாள்களில் கையொப்பமிடும் அரசு அலுவலகத்திலும் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இந்த மாற்றங்கள் அவர்களை விடுவித்தன என்று எழுதினால் கதை இனிப்பாக இருக்கும். ஃபாஸ்ட் அப்படி எழுதவில்லை. பலரும் வேறு வழியின்றித்தான் அந்த வேலைகளுக்கு வந்தார்கள் என்றும், போர் முடிந்ததும் பழைய படிநிலையைத் திரும்பக் கட்டியெழுப்புவதில் வெள்ளைப் பெண்களே முன்னின்றார்கள் என்றும் அவர் எழுதினார். பெண் என்பதால் இழந்ததைவிட வெள்ளையினம் என்பதால் பெற்றதே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அப்படியென்றால் அந்தப் பெண்கள் பாதிக்கப்பட்டவர்களா, குற்றத்தில் பங்காளிகளா?

பங்காளிகள்தான். அவர்கள் பட்ட துயரமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காமல் இருப்பதுதான் இந்த நூலின் நேர்மை. இரண்டையும் ஒரே பெண்ணின் ஒரே கடிதத்தில் காணலாம்.

கறுப்பினப் பெண்களைப் பற்றி அவர் போதுமான அளவு எழுதினாரா?

'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' எசமானிகளைப் பற்றிய நூல். அடிமைப் பெண்கள் அதில் எசமானிகளின் கண்கள் வழியாகவே தெரிகிறார்கள். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள் என்பதை நினைத்தால், இது சிறிய இடைவெளி இல்லை. ஆனால் அதை நிரப்ப வேறு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இந்தத் துறையை அறிய விரும்புகிறவர் ஃபாஸ்டோடு நின்றுவிடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்வேன்.

டெபரா கிரே வைட் 1985இலேயே பண்ணை அடிமைப் பெண்களின் வாழ்வை மையமாக வைத்து நூல் எழுதிவிட்டார். தவோலியா கிளிம்ஃப் 2008இல், பண்ணை வீட்டை இல்லமாகப் பார்க்காமல் வேலையிடமாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அடுப்படியிலும் துணிவெளுக்கும் இடத்திலும் எசமானி தன் கையாலேயே செலுத்திய வன்முறையை, விடுதலை பெற்றவர்களின் வாக்குமூலங்களிலிருந்து அவர் எடுத்துக்காட்டினார். ஆண் இல்லாததால்தான் பெண் சவுக்கைத் தொட நேர்ந்தது என்ற சித்திரம் இதனால் திருத்தப்படுகிறது: பல வீடுகளில் சவுக்கு முன்பே அவள் கையில் இருந்தது. ஸ்டெஃபனி ஜோன்ஸ்-ராஜர்ஸ் 2019இல் ஒரு படி மேலே போய், திருமணமான வெள்ளைப் பெண்கள் தங்கள் பெயரிலேயே அடிமைகளை வாங்கி, விற்று, வழக்காடி வைத்திருந்ததை நீதிமன்றப் பதிவுகள் முதலியவற்றைக் கொண்டு நிறுவினார். ஸ்டெஃபனி மெக்கரி 2010இல் படைவீரர்களின் ஏழை மனைவிமாரையும் அடிமைகளையும் போரின் அரசியல் சக்திகளாகவே எழுதினார்.

தெற்கு தோற்றதற்குப் பெண்களே காரணம் என்று அவர் சொன்னாரா?

சற்றேறக்குறைய அப்படிப் படிக்கும்படி 1990ஆம் ஆண்டுக் கட்டுரையை முடித்திருந்தார். தியாகம் செய்யச் சொல்லிய கதையைப் பெண்கள் நம்ப மறுத்தார்கள், வீட்டுக்கு வா என்று வீரர்களுக்கு எழுதினார்கள், அதனால் படை உள்ளிருந்தே கரைந்தது என்பது வாதம். கேரி கலகர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. தெற்கின் மக்கள் நெடுநாள் உறுதியாகவே நின்றார்கள், வடக்கின் படைபலமே அவர்களை வீழ்த்தியது என்றார்கள். இந்த விவாதத்தில் நான் கலகர் பக்கம் சற்றுச் சாய்கிறேன். இருந்தாலும், ஒரு தாயின் கடிதம் போர்க்களத்தின் போக்கைப் பாதிக்குமா என்ற கேள்வியையே ராணுவ வரலாற்றாசிரியர்கள் முன்னால் வைத்தவர் ஃபாஸ்ட்தான்.

மரணத்தைப் பற்றிய நூல் எதைச் சொல்கிறது?

2008இல் வெளிவந்த 'திஸ் ரிபப்ளிக் ஆஃப் சஃபரிங்'. பதவியேற்ற சில மாதங்களில் வெளிவந்த இது, அவருடைய நூல்களில் மிகவும் பரவலாகப் படிக்கப்பட்டது. போரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 6,20,000 பேர் என்ற நெடுநாள் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு அவர் எழுதினார். அன்றைய மக்கள்தொகையில் இது நூற்றுக்கு இரண்டு பேர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு ஜே. டேவிட் ஹேக்கர் 2011இல் இந்த எண்ணிக்கையை 7,50,000 அளவுக்கு உயர்த்தினார்.

இத்தனை சாவை ஒரு நாடு என்ன செய்தது? இந்தக் கேள்வியை மிக நேரடியாக எடுத்துக்கொள்கிறார். உடல்களை யார் எடுத்தார்கள்? யார் புதைத்தார்கள்? வீட்டுக்கு யார் சொன்னார்கள்? வீரர்களுக்கு அடையாளத் தகடு கிடையாது. இறந்தவரின் குடும்பத்துக்குச் செய்தி சொல்லும் முறையான ஏற்பாடும் எந்தப் படையிலும் இல்லை. பக்கத்தில் இருந்த தோழனோ செவிலியோ கடிதம் எழுதினால் உண்டு.

நூலின் தொடக்கத்தில் ஒரு கடிதம் வருகிறது. மிசிசிப்பியைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட் மான்ட்கோமரி என்ற இளம் வீரர், 1864 மே 10 அன்று ஸ்பாட்சில்வேனியா போர்க்களத்தில் குண்டுச் சிதறல் தோள்பட்டையைக் கிழித்துப்போட்ட நிலையில், தந்தைக்கு எழுதியது. இதுவே என் கடைசிக் கடிதம் என்று தொடங்குகிறார். சாகப்போகும் மகனிடமிருந்து ஒரு சொல் வந்தால் நீங்கள் மகிழ்வீர்கள் என்பதால் எழுதுகிறேன் என்கிறார். எழுத எழுத இரத்தம் தாளின்மேல் விழுந்திருக்கிறது. நான்கு நாள் கழித்து இறந்தார். தோழர் ஒருவர் கல்லறைக்கு அடையாளமிட்டுக் குடும்பத்துக்கும் எழுதினார். ஆனால் அவர்களால் அந்த இடத்தை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் காலத்துக் கிறித்தவக் குடும்பங்களுக்கு 'நல்ல சாவு' என்ற ஒன்று இருந்தது: சொந்த வீட்டில், சொந்தங்கள் சூழ, கடைசிச் சொல் சொல்லி, தெய்வத்திடம் மனம் ஒப்படைத்துப் போவது. பேரனைக் கண்டுவிட்டுப் போக வேண்டும், பிள்ளை கையால் பால் வாங்கிக் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று காத்திருக்கும் உயிரைப் பற்றிப் பேசும் நமக்கு இது அந்நியமாக இருக்காது. போர்க்களத்தில் அந்தச் சாவு கிடைக்காதபோது, தோழர்களும் செவிலியரும் கடிதத்தின் மூலம் அதைக் கட்டிக்கொடுத்தார்கள். உங்கள் மகன் துன்பப்படவில்லை, உங்களை நினைத்தான், இறைவன் பெயர் சொன்னான். நூற்றுக்கணக்கான கடிதங்கள் ஒரே வரிசையில் இவற்றைச் சொல்வதை ஃபாஸ்ட் கண்டுபிடித்தார். அவற்றில் எவ்வளவு உண்மை என்று கணக்குப் பார்ப்பதைவிட, ஏன் எல்லோரும் இதையே எழுத வேண்டியிருந்தது என்று கேட்டதில்தான் அவருடைய தேர்ச்சி இருக்கிறது.

போருக்குப் பின் நடந்த தேடலும் நூலில் உண்டு. போரில் காயம்பட்டவர்களைப் பராமரித்த கிளாரா பார்ட்டன், காணாமற்போன வீரர்களைத் தேடித்தரும் அலுவலகம் ஒன்றை நடத்தி, 63,000க்கும் மேற்பட்ட கடிதங்களைக் கையாண்டு, ஏறத்தாழ 22,000 பேரின் கதியைக் கண்டறிந்தார். 1871 முடியும்முன் வடக்கின் அரசு 3,03,536 வீரர்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்து 74 தேசியக் கல்லறைத் தோட்டங்களில் மறுபடி அடக்கம் செய்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெயர் தெரியவில்லை. தோற்ற தெற்கின் வீரர்களை அரசு தொடவில்லை. அந்த வேலையைத் தெற்கின் பெண்கள் சங்கங்கள் அமைத்துத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கல்லறைகளின் முன்னால்தான், தெற்கு நியாயத்துக்காகப் போராடித் தோற்றது என்ற கட்டுக்கதை வளர்ந்தது. முந்தைய நூலின் எசமானிகள் இங்கே கறுப்புடையில் திரும்பி வருகிறார்கள். அவருடைய இரண்டு பெரிய நூல்களும் சந்திக்கும் இடம் இது. வாசகர்கள் பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஹார்வர்டில் இருந்தபோது அடிமைமுறை பற்றி ஏதேனும் செய்தாரா?

2016 ஏப்ரலில், வளாகத்தில் உள்ள வாட்ஸ்வொர்த் இல்லத்தின் சுவரில் ஒரு கற்பலகையைத் திறந்துவைத்தார். டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா என்ற நான்கு பெயர்கள் அதில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஹார்வர்ட் தலைவர்கள் இருவரின் வீட்டில் அடிமைகளாக வாழ்ந்து உழைத்தவர்கள் அவர்கள். குடும்பப் பெயர்கூட ஏட்டில் ஏறாத நான்கு பேர். திறப்பு விழாவுக்கு வந்தவர், 1965இல் செல்மாவின் பாலத்தில் மண்டை உடைபட்ட கறுப்பின உரிமைப் போராளி ஜான் லூயிஸ். 2017இல் பல்கலைக்கழகங்களுக்கும் அடிமைமுறைக்கும் உள்ள உறவைப் பற்றிய மாநாடு ராட்கிளிஃபில் நடந்தது. அவர் பதவி விலகிய பின், 2022இல் வந்த ஹார்வர்டின் அறிக்கை, பல்கலைக்கழகத்தின் தலைவர்களும் ஆசிரியர்களும் பணியாளர்களும் எழுபதுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்ததைப் பதிவுசெய்தது.

முக்கியமான விருதுகள்?

பார்க்மன் பரிசு, மரணம் பற்றிய நூலுக்கு 2009இல் பான்கிராஃப்ட் பரிசு, 2011இல் அமெரிக்க அரசின் ஜெஃபர்சன் சொற்பொழிவு, 2018இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குளூகி பரிசு.

எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

மரணம் பற்றிய நூலிலிருந்து. அமெரிக்க வரலாறு அதிகம் தெரியாதவருக்கும் அது கைகொடுக்கும். ஒவ்வொரு இயலும் இறத்தல், கொல்லுதல், புதைத்தல், பெயரிடல் என்று ஒரு செயலை எடுத்துக்கொண்டு நடக்கிறது. அடுத்து 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்'. அதை முடித்த கையோடு கிளிம்ஃபின் நூலையும் படித்துவிடுங்கள். ஹாமண்டின் வாழ்க்கை வரலாறு நீளமானது, மனத்துக்குக் கடினமானது. ஆனால் ஆய்வு மாணவர்கள் அதைத் தவிர்க்கக் கூடாது. 2023இல் வெளிவந்த 'நெசசரி டிரபிள்' அவருடைய தன்வரலாறு, 1968வரையிலான இளமைக்காலத்தைச் சொல்வது. நல்ல, தேவையான தொல்லை கொடுங்கள் என்று ஜான் லூயிஸ் சொல்லிவந்ததிலிருந்து எடுத்த தலைப்பு.

ஒன்பது வயதில் எழுதிய அந்தக் கடிதம் என்ன ஆனது?

கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் ஊரில் உள்ள ஐசனோவர் நூலகத்தில் பத்திரமாக இருந்தது. எழுதியது நினைவிருந்ததே தவிர, என்ன எழுதினோம் என்பது ஃபாஸ்டுக்கு நினைவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, மற்றவர்களின் கடிதங்களைத் தேடிக் காப்பகம் காப்பகமாக அலைந்த அவர், தன் கடிதத்தின் படியையும் அவ்வாறே வரவழைத்துப் படித்தார். தனக்கு வயது ஒன்பது, தான் வெள்ளையினம், ஆனாலும் இனப்பிரிவினை பற்றித் தனக்கு நிறைய எண்ணங்கள் உண்டு என்று அதில் இருந்தது. கிறிஸ்து பிறந்தது வெள்ளையரை மட்டுமல்ல, எல்லா நிறத்து மக்களையும் காக்கத்தானே என்று அந்தச் சிறுமி குடியரசுத் தலைவரிடம் கேட்டிருந்தாள். பள்ளிகளிலும் மற்ற இடங்களிலும் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்யுங்கள் என்று கெஞ்சியிருந்தாள்.